வாசகர் கேள்வி – பதில்: சிறைக்கு வெளியே முதல் 2 வாரம்

கேள்வி: ஓபியாய்டு (அபினி வகை வலிநிவாரணி, போதைப்பொருள்) வழக்குச் சமரசப் பணம் எங்கள் கவுன்டிக்கு (மாவட்டம் போன்ற உள்ளாட்சிக்கு) வருகிறது என்கிறார்கள். சிறையிலிருந்து வெளிவருவோருக்கு அதைச் செலவிடலாமா? எங்களைப் போன்ற குடியிருப்பாளர்களுக்கு அதில் பேச்சு உண்டா?
– ஒரு வாசகர், கேரி, வட கரோலினா

பதில்: செலவிடலாம், பேசவும் உரிமை உண்டு. மெக்கெஸன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் ஆகிய 3 மொத்த மருந்து விநியோக நிறுவனங்களும் மருந்து தயாரிக்கும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் சேர்ந்து, தங்கள் மீதான ஓபியாய்டு வழக்குகளை முடித்துக்கொள்ள 2,600 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டன. இதில் விநியோக நிறுவனங்களின் பங்கான 2,100 கோடி 18 ஆண்டுகளில் தவணையாக வரும். உங்கள் மாநிலத்தில் இந்தப் பணத்தில் 85 விழுக்காடு நேராகக் கவுன்டிகளுக்கும் சில நகராட்சிகளுக்கும் போகிறது. மீதி 15 மாநில அரசுக்கு.

எதற்குச் செலவிடலாம் என்று மாநிலமும் உள்ளாட்சிகளும் செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே பட்டியல் இருக்கிறது. 'ஆப்ஷன் ஏ' என்ற அந்தப் பட்டியலின் 12 இனங்களில் சிறைக்குள் சிகிச்சை, விடுதலைக்குப் பிந்தைய ஆதரவு, தங்குமிட உதவி, வேலைவாய்ப்பு உதவி எல்லாமே தனித்தனியாக உண்டு. ஆகவே "சட்டத்தில் இடமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பணத்தைத் தனி நிதிக் கணக்கில்தான் வைக்க வேண்டும். அதிலிருந்து ஒரு டாலர் எடுக்கவும் எந்த இனத்துக்கு, எவ்வளவு, எந்தக் காலத்துக்கு என்று கவுன்டியை நிர்வகிக்கும் ஆணையர் குழு தீர்மானம் போட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது மக்கள் கருத்தைக் கேட்கும் பொதுக்கூட்டமும் நடத்தியாக வேண்டும். அங்கே பேசுவதற்குப் பெரும்பாலும் 3 நிமிடம் கிடைக்கும். பொதுவாக வருத்தப்பட்டுப் பேசி அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம். கணக்கில் மீதி எவ்வளவு, 'விடுதலைக்குப் பிந்தைய ஆதரவு' இனத்துக்குத் தீர்மானம் போட்டாயிற்றா, அதைச் செய்யும் அமைப்பு எது என்ற மூன்றையும் கேளுங்கள். ஒவ்வொரு கவுன்டிக்கும் வந்த தொகையும் செலவுத் திட்டமும் இந்தப் பணத்துக்கென உள்ள 'கோர்-என்சி' (CORE-NC) இணையப் பக்கத்தில் இருக்கின்றன. போவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சிறிய கவுன்டியில் தொண்டு அமைப்பு நடத்துகிறோம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. எதில் தொடங்குவது?
– ஒரு வாசகி, வட கரோலினா

பதில்: முதல் 2 வாரத்தில் தொடங்குங்கள். 2000 முதல் 2015 வரை உங்கள் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களை ஆராய்ந்தபோது, முதல் 2 வாரத்தில் அவர்கள் ஓபியாய்டு மிகையளவால் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 40 மடங்கு என்று தெரிந்தது. உள்ளே இருக்கும்போது உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். தெருவில் இப்போது விற்பதில் மிக வீரியமான செயற்கை ஓபியாய்டான ஃபென்டனில் கலந்திருப்பதால் அளவு என்ற ஒன்றே கைக்குள் இல்லை. இதற்கு எதிராக நன்கு நிரூபணமான வழி மருந்துதான். ரோட் ஐலண்டு மாநிலம் 2016-இல் தன் சிறைகளில் ஓபியாய்டு பழக்கத்துக்கான சிகிச்சை மருந்துகளான புப்ரெனார்ஃபின், மெதடோன், நால்ட்ரெக்ஸோன் மூன்றையும் தரத் தொடங்கியது. ஓராண்டுக்குள் விடுதலைக்குப் பின் நிகழும் மிகையளவு மரணங்கள் 61 விழுக்காடு குறைந்தன.

உங்கள் தொகைக்கு முதலில், விடுதலையாகிறவர்களுக்குக் கூடவே இருந்து வழிகாட்டும் ஒரு முழுநேரத் துணைப் பணியாளரை வேலைக்கு வையுங்கள். போதையிலிருந்து மீண்டு, மாநிலச் சான்றிதழும் பெற்றவராக இருக்க வேண்டும். சம்பளம், காப்பீடு, வண்டிச் செலவு சேர்த்து ஏறக்குறைய பாதித் தொகை இதற்கே போகும், போகட்டும். அவரிடம் 25 பேருக்கு மேல் ஒப்படைக்காதீர்கள். மாநிலச் சிறையில் விடுதலைத் தேதி தெரியும் என்பதால் 90 நாள் முன்பே சந்திக்கத் தொடங்கலாம். கவுன்டி சிறையில் அப்படி இல்லை. ஜாமீன் கிடைத்தால் நள்ளிரவிலும் வெளியே விட்டுவிடுவார்கள். அதனால் உள்ளே வந்த 2, 3 நாளிலேயே ஆளைப் பார்த்து, வெளியே தொடர்பு கொள்ள 2 தொலைபேசி எண்களை வாங்கிவிட வேண்டும்.

மீதியில் பெரும்பகுதி தங்குமிடத்துக்கு: முதல் மாத வாடகை, முன்பணம். போதையிலிருந்து மீள்பவர்கள் சேர்ந்து வாழும் 'ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்' போன்ற வீடுகளில் குடியிருப்பவர்களே வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், புதியவரைச் சேர்ப்பதும் அவர்கள் ஓட்டுப்போட்டுத்தான். ஆகவே நேர்காணலை விடுதலைக்கு முன்பே தொலைபேசியில் முடித்துவிட வேண்டும். எந்த வீட்டுக்குப் பணம் கட்டினாலும், "புப்ரெனார்ஃபின் எடுப்பவரைச் சேர்ப்போம்" என்று எழுத்தில் வாங்குங்கள். மருந்தை நிறுத்தினால்தான் இடம் என்று சொல்லும் வீடு ஆபத்தான வீடு.

அடிக்கடி தவறுவது மருந்துக் கடையில். வெள்ளிக்கிழமை மாலை ஆள் வெளியே வருகிறார், கையில் மருந்துச் சீட்டு இருக்கிறது. ஆனால் சிறைக் காலத்தில் நிறுத்திவைத்த மெடிக்எய்ட் (வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கணினியில் இன்னும் உயிர்பெறவில்லை, கடைக்காரர் மறுத்துவிடுகிறார். திங்கட்கிழமை வரை அவருக்கு உடல் நடுங்கும், அதற்குள் தெருவில் வாங்கிவிடுவார். இதைத் தடுக்க ஒரு கடையோடு ஒப்பந்தம் போட்டு, 14 நாள் புப்ரெனார்ஃபின்-நலாக்சோன் கூட்டு மருந்துக்கான ரொக்க விலையை உங்கள் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். சிறை மருத்துவர் புப்ரெனார்ஃபின் மாத ஊசியை விடுதலைக்கு முன் போட்டுவிட ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது, 4 வாரம் கவலையில்லை. தனி உரிமம் இல்லாமலே புப்ரெனார்ஃபின் எழுதித் தர 2022 டிசம்பர் இறுதியில் வந்த சட்டம் வழிசெய்துவிட்டது. கிராமப்புற மருத்துவர் பலர் இன்னும் தயங்குகிறார்கள், ஒருவரையாவது நேரில் போய்ப் பேசிச் சம்மதிக்க வையுங்கள். மெதடோன் மட்டும் அதற்கென உள்ள மையத்தில்தான். அது 40 மைல் தள்ளி இருந்தால் தினமும் வண்டிக் காசு யார் தருவது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று: தவணைத் தொகை ஆண்டுக்கு ஆண்டு ஒன்றாக இருக்காது. ஜான்சன் அண்ட் ஜான்சன் போன்றவற்றின் பங்கு முன்கூட்டியே வந்துவிட்டதால் சில ஆண்டுகள் சட்டெனச் சரியும். கவுன்டியிடம் 2038 வரையான தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, மெலிந்த ஆண்டுக்கும் சம்பளம் போட முடியுமா என்று பார்த்த பிறகே ஆள் எடுங்கள்.

கேள்வி: அண்ணன் மகன் அடுத்த மாதம் கவுன்டி சிறையிலிருந்து வருகிறான். 8 மாதமாக எதையும் தொட்டதில்லை. வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்?
– ஒரு சித்தப்பா, சார்லட்

பதில்: 8 மாதம் தொடாமல் இருந்ததுதான் அவருக்கு ஆபத்தை அதிகமாக்குகிறது, ஐயா. "இனி பிரச்சினையில்லை" என்று வீட்டில் யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஓபியாய்டு மிகையளவை முறிக்கும் நலாக்சோன் மூக்குத் தெளிப்பான் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், அதை வாங்கி, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். ஒரு பெட்டியில் 4 மில்லிகிராம் தெளிப்பான்கள் 2 இருக்கும். எழுப்பினால் எழாமல், மூச்சு மிக மெதுவாக, உதடு நீலம் பாய்ந்திருந்தால் முதலில் அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். பிறகு தலையைச் சாய்த்து ஒரு மூக்குத் துளையில் ஒரு தெளிப்பு. 2, 3 நிமிடத்தில் அசைவில்லை என்றால் மற்றொன்றை மறு துளையில். மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்தின் வேகம் இறங்கியதும் மீண்டும் மயங்கலாம், தனியே விடாதீர்கள். வழக்கு வருமோ என்று அஞ்சி 911-ஐத் தள்ளிப்போட வேண்டாம். அழைப்பவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சிறு அளவு போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்கு வராமல் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. அழைப்பவர் தன் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

விடுதலைக்கு முன் சிறையின் மருத்துவப் பிரிவை அழைத்து, புப்ரெனார்ஃபின் போன்ற சிகிச்சை மருந்து தொடங்க முடியுமா என்று கேளுங்கள். வெளியே வந்த 3 நாளுக்குள் ஒரு மருத்துவரின் நேரத்தை இப்போதே பதிவு செய்யுங்கள். அக்கம்பக்கத்தாரும் சங்கத்தாரும் என்ன சொல்வார்கள் என்று மறைத்துவைக்கும் வீடுகளில்தான் பூட்டிய அறைக்குள் தனியாக இருக்கும்போது ஆபத்து நேர்கிறது. வீட்டில் இருவராவது எல்லாம் தெரிந்தவர்களாக இருக்கட்டும்.

கேள்வி: இதே பணத்தில் ஷெரிஃப் (கவுன்டி காவல்துறைத் தலைவர்) அலுவலகத்துக்கு வண்டி வாங்கினால் தப்பா?
– ஒரு வாசகர்

பதில்: வட கரோலினாவில் அந்த 12 இனங்களில் ரோந்து வண்டி இல்லை. விடுதலையாகிறவரைச் சிறை வாசலிலிருந்து சிகிச்சை மையத்துக்கு ஏற்றிப்போக என்று வேன் வாங்கினால் அது வேறு. தீர்மானத்தில் அந்தப் பயன்பாடு எழுதப்பட்டிருக்கிறதா, வண்டிச் சாவி யாரிடம் இருக்கப்போகிறது என்று பாருங்கள். அதைவிட அதிகம் நடப்பது, ஏற்கெனவே பட்ஜெட்டில் இருந்த சிகிச்சைத் தொகையை வெட்டிவிட்டு அந்த இடத்தில் சமரசப் பணத்தை வைப்பது. கணக்கில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், ஒரு நோயாளிகூடக் கூடியிருக்க மாட்டார். கடந்த 3 ஆண்டு பட்ஜெட்டை எடுத்து அதே தலைப்பை வரிசையாக ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும்.