கதாநாயகியாக இருந்து சின்னத்திரைக்கு வந்த நடிகைகளில் உங்களுக்கு முக்கியமானவர் யார்? ஏன்?

ராதிகா. எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. நான் இலங்கையின் கிழக்கில் இருக்கிற களுவாஞ்சிக்குடிக்காரி. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து வீடுகளில் பெண்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

பெரிய திரையில் வாய்ப்புக் குறைந்த பிறகு சீரியலுக்கு வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை, அதுவும் உழைப்புத்தான். ஆனால் ராதிகாவின் கதை அது இல்லை. அவர் தொலைக்காட்சியில் கால் ஊன்றியதே தயாரிப்பாளராக. 1994இல் ராடான் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கும் முன்னால், 1985இல், முன்னணி நாயகியாக ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே "மீண்டும் ஒரு காதல் கதை" படத்தைச் சொந்தமாகத் தயாரித்தார். பிரதாப் போத்தன் இயக்கிய முதல் படம் அது. அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அப்போது ராதிகாவுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான். அந்த வயதில் ஒரு நடிகை, அடுத்தவர் படத்தில் நடித்துச் சம்பாதித்ததைக் கொண்டு, மரத்தைச் சுற்றி ஆடாத ஒரு கதையைப் படமாக்கத் துணிந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவர் பிறந்தது கொழும்பில், 1962இல். தாய் கீதா இலங்கைத் தமிழர். தந்தை எம்.ஆர்.ராதா. "ரத்தக்கண்ணீர்" பார்த்த யாருக்கும் அந்தக் குரலை அறிமுகம் செய்யத் தேவையில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ராதிகாவைத் திரையில் கண்டாலே "இது நம்மட நாட்டுப் புள்ள" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அந்த உரிமையில் ஒரு சந்தோஷம் அவர்களுக்கு. 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்ட சம்பவம் நடந்தபோது ராதிகா நான்கு வயதுக் குழந்தை. அப்பா சிறைக்குப் போனார். தமிழ்நாடே அந்தப் பெயரைப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பெயரோடு வளர்ந்த பிள்ளை அவர்.

1978 ஆகஸ்டில் பாரதிராஜாவின் "கிழக்கே போகும் ரயில்" வந்தது. பாஞ்சாலியாக அறிமுகமானபோது அவருக்குப் பதினாறு வயதுகூட நிறையவில்லை. (எங்களுக்கு 1978 என்றால் முதலில் நினைவுக்கு வருவது நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி. எங்கள் அம்மா அந்த வருடத்தில் நடந்த எதையும் அதனோடு சேர்த்துத்தான் சொல்வார், இந்தப் படத்தையும் "சூறாவளி வந்த வருசம் வந்த படம்" என்றுதான் சொல்வார்.) அடுத்த ஆண்டே எம்.ஆர்.ராதா காலமானார். மகளுடைய பெரிய வளர்ச்சியை அவர் பார்க்கவில்லை.

எண்பதுகளைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்த காலம். தமிழில் ரஜினி, கமல், விஜயகாந்த். தெலுங்கில் சிரஞ்சீவியோடு "நியாயம் காவாலி". 1986இல் கே.விஸ்வநாத் இயக்கிய "சுவாதி முத்யம்". இந்தியாவின் சார்பில் ஒஸ்கார் போட்டிக்கு அனுப்பப்பட்ட படம் அது. தமிழில் "சிப்பிக்குள் முத்து" என்ற பெயரில் வந்தது. அதில் கமலைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். ஆனால் அந்த இளம் விதவையின் தயக்கத்தை ராதிகா அவ்வளவு அடக்கமாகச் செய்யாமல் இருந்திருந்தால் கமலின் பாத்திரம் நிற்க இடமே இருந்திருக்காது. இது என்னுடைய உறுதியான கருத்து.

1990இல் வந்த "கேளடி கண்மணி" எனக்கு இன்னும் பிடித்த படம். மனைவியை இழந்த ஒருவர், எஸ்.பி.பாலசுப்ரமணியம் செய்த பாத்திரம். அவருக்கு ஒரு மகள். அவரை விரும்புகிற பெண்ணாக ராதிகா. அந்தப் பிள்ளை சம்மதிக்கவில்லை, கல்யாணம் தடைப்பட்டுப் போனது. சண்டை போட்டு அழாமல், ஒதுங்கிக்கொள்கிற ஒரு பெண்ணின் மரியாதையை அவர் அதில் காட்டினார். இந்தக் கதையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அப்புறம் 1993இல் "கிழக்குச் சீமையிலே". விருமாயி. இந்தப் படத்தைப் பற்றி எங்கள் ஊரில் இருந்து பார்த்தால்தான் தெரிகிற ஒன்று இருக்கிறது.

விருமாயி மதுரைப் பக்கத்துப் பெண். கல்யாணமானதும் புருஷனுடைய ஊருக்குப் போகிறாள். அண்ணனுக்கும் புருஷனுக்கும் பகை வர, நடுவில் கிடந்து கிழிபடுகிறாள். புருஷன் வீடும் அவளுடையது இல்லை, அண்ணன் வீட்டிலும் நிலையாக நிற்க முடியாது. தமிழ்நாட்டில் இதைப் பார்த்தவர்கள் அண்ணன் தங்கைப் பாசத்துக்காக அழுதார்கள். எங்கள் பக்கத்திலும் அழுதார்கள்தான். ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வழக்கம் வேறு. இங்கே குடி, அதாவது வம்சப் பிரிவு, தாய் வழியில் வருவது. மகளுக்குக் கல்யாணம் என்றால் பெற்றோர் வீட்டையோ வளவையோ (வீட்டு நிலத்தையோ) அவள் பெயரில் எழுதிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தாயும் சகோதரிகளும் பெரும்பாலும் அடுத்தடுத்த வளவுகளிலேயே இருப்பார்கள்.

அதனால் கோயில் திருவிழா நேரத்தில் டெக் (வீடியோ கசெட் போடுகிற பெட்டி) வாடகைக்கு எடுத்து இந்தப் படம் ஓடியபோது, எங்கள் மாமி நடுவில் கேட்ட கேள்வி இதுதான்: "ஏன்கா, இவளுக்கு வீடு குடுக்கல்லையா?"

அங்கே இருந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்வி. சொந்தமாக ஒரு வீடு இருந்திருந்தால் விருமாயியின் கதையில் பாதி நடந்திருக்காது. நான் பிறகு பல விமர்சனங்கள் படித்துவிட்டேன், மாமி கேட்டதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதே சமயம், வீட்டு உறுதி (பத்திரம்) பெண் பெயரில் இருந்தாலும் முடிவெடுப்பது ஆண்கள்தான் என்ற நிலை எங்கள் ஊரிலும் உண்டு. விருமாயியின் முகத்தில் அதை அவர்கள் கண்டுகொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்தப் படம் வந்தபோது ராதிகாவுக்கு முப்பத்தொரு வயது இருக்கும். வளர்ந்த பெண்ணுக்குத் தாயாக நடித்தார். 1995இல் "பசும்பொன்"னில் இன்னும் ஒரு படி மேலே போனார். தன்னைவிட வயதில் மூத்த பிரபுவுக்கே தாய். நடித்தது அற்புதம்தான், ஆனால் எனக்கு அதில் கோபமும் உண்டு. முப்பது தாண்டிய நடிகைக்குத் தமிழ் சினிமா வைத்திருந்த இடம் அவ்வளவுதான். அதே வயது நாயகர்கள் கல்லூரி மாணவர்களாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இங்கேதான் தொலைக்காட்சி வருகிறது. 1999 டிசம்பரில் சன் டிவியில் "சித்தி" தொடங்கியது. மனைவியை இழந்தவரை மணந்து அவருடைய மகளைத் தன் பிள்ளையாக வளர்க்கிற சாரதா. கணவராக சிவகுமார். "கேளடி கண்மணி"யில் தடைப்பட்டுப் போன கல்யாணம், பத்து வருடம் கழித்து அவருடைய சொந்தத் தயாரிப்பில் நடந்தது போல எனக்குத் தோன்றும். இந்த முறை நாயகி ஒதுங்கிப் போகவில்லை. கதை முழுவதும் அவள் கையில் இருந்தது. சுமார் இரண்டு வருடம் ஓடியது.

எங்கள் ஊருக்கு இந்தியத் தொடர்கள் முதலில் பெரும்பாலும் 1998இல் தொடங்கிய சக்தி டிவி வழியாகத்தான் வந்தன. டவுன் பக்கம் டிஷ், கேபிள் வைத்திருந்தவர்கள் நேராகச் சன் டிவியே பார்த்தார்கள். அந்தக் காலத்தில் இலங்கை நேரம் இந்திய நேரத்தை விட அரை மணி முன்னால் இருந்தது, 2006 ஏப்ரலில்தான் இரண்டும் ஒன்றானது. அதனால் சென்னையில் ஒன்பதரைக்கு வருகிற தொடர் இங்கே பத்து மணிக்கு. யுத்த காலத்தில் இரவு பத்து மணி என்பது நடுச்சாமம் மாதிரி. வெளியே நடமாட்டம் இருக்காது. பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் கரண்டே இல்லாத ஊர்கள் பல. அங்கே கார் பற்றரியில் டிவி போட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்து வருகிற பெண்கள் பார்க்கத் தவறிய கதையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். "மறுகா என்னகா நடந்த?" (பிறகு என்ன நடந்தது?) என்று சந்தையிலும் கிணற்றடியிலும் கேட்டது எல்லாம் சாரதாவைப் பற்றித்தான்.

ஏன் அவ்வளவு ஒட்டிக்கொண்டார்கள்? எங்கள் பக்கத்தில் அந்த வருடங்களில் தனியாகக் குடும்பத்தைச் சுமந்த பெண்கள் ஏராளம். கணவனை இழந்தவர்கள், காணாமல் போனவரைத் தேடிக்கொண்டிருந்தவர்கள், பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனவர்கள். தாய் வெளிநாட்டில் இருக்க, அம்மம்மாவோ சின்னம்மாவோ வளர்த்த பிள்ளைகள் என்னோடு வகுப்பில் இருந்தார்கள். பெறாத பிள்ளையை வளர்க்கிற பெண்ணின் கதை அவர்களுக்கு டிவிக் கதை மட்டும் இல்லை. ராதிகாவின் முகமும் அதற்குப் பொருந்தியது. அலங்காரம் இருக்கும், ஆனாலும் வேலை செய்கிற பெண்ணின் முகம். கோபம் வந்தால் குரலில் வரும் அந்த அழுத்தம் அப்பாவிடமிருந்து வந்ததுதான், சந்தேகமே வேண்டாம்.

அதன் பிறகு "அண்ணாமலை", "செல்வி", "அரசி", "செல்லமே", "வாணி ராணி" என்று ஒன்பதரை மணி என்றாலே ராதிகா என்று ஆனது. "வாணி ராணி" 2013இல் தொடங்கி 2018 வரை ஓடியது, ஆயிரத்து எழுநூறு பகுதிகளுக்கு மேல். உண்மையைச் சொன்னால் அவ்வளவு நீளத்தை எந்தக் கதையும் தாங்காது. நல்லவள் என்றால் அடுக்கடுக்காகத் துன்பப்பட வேண்டும், கெட்டவள் என்றால் விடிந்தால் சூழ்ச்சி என்கிற அச்சு அந்தத் தொடர்களால்தான் பலப்பட்டது. அவரை எவ்வளவு பிடித்தாலும் இதை நான் மறைக்க மாட்டேன். "சித்தி"யில் இருந்த கட்டுக்கோப்பு பின்னால் வந்தவற்றில் இல்லை.

ஆனால் அந்தத் தொடர்கள் வேறொன்றையும் செய்தன. நாற்பதும் ஐம்பதும் வயதான ஒரு பெண் வழக்கறிஞராகவும் குடும்பத் தலைவியாகவும் கதையின் நடுவில் வருடக்கணக்காக நிற்க முடியும் என்று காட்டின. அந்தக் கம்பனியே அவருடையது. ராடான் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக வளர்ந்தது. ரம்யா கிருஷ்ணன் நடத்திய "தங்க வேட்டை"யும் அவர்கள் தயாரிப்புத்தான். மாமியின் கேள்விக்கு ராதிகா தன் தொழிலில் கொடுத்த பதில் இது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்தவன் வீட்டில் இடம் சுருங்கியபோது அவர் தனக்கென்று வளவு வாங்கி வீடு கட்டிக்கொண்டார்.

இது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடிய மண் இது. "நடிக்கப் போறாளாம்" என்பதை ஒரு பெண்ணுக்குக் கெட்ட பெயர் போலச் சொன்ன காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. இன்று கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பெண் பிள்ளைகள் நாடகமும் நடனமும் பட்டப்படிப்பாகப் படிக்கிறார்கள். அவர்களில் யாராவது என்னிடம் கேட்டால், ராதிகாவின் நடிப்போடு அவருடைய கணக்குப் புத்தகத்தையும் படியுங்கள் என்றுதான் சொல்வேன்.

சினிமாவையும் அவர் விடவில்லை. "நானும் ரௌடிதான்" படத்தின் இன்ஸ்பெக்டர் அம்மா, "தெறி"யில் விஜய்க்கு அம்மா, 2022இல் "வெந்து தணிந்தது காடு". அரசியலிலும் இறங்கி 2024இல் விருதுநகரில் போட்டியிட்டுத் தோற்றார். அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

அவரைச் சீரியல் வழியாக மட்டும் அறிந்தவர்கள் முதலில் "கிழக்குச் சீமையிலே" பாருங்கள். அடுத்து "கேளடி கண்மணி", பிறகு "சிப்பிக்குள் முத்து". அந்த மூன்றையும் முடித்த பிறகு "சித்தி"யின் முதல் சில வாரங்கள் போதும். பின்னால் வந்த தொடர்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள், கதையை அவர்களே நிறுத்தி நிறுத்திச் சொல்வார்கள்.