டன்கிர்க்கிலிருந்து கரையேறிய பட்டாலியன்: கேள்வி பதில்

1940 மே 26 முதல் ஜூன் 4 வரை, வட பிரான்சின் டன்கிர்க்கில் ஜெர்மானியரால் வளைக்கப்பட்ட பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படையினர் 3,38,226 பேர் கடல்வழியே மீட்கப்பட்டார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளில், ஒரு காலாட்படைப் பிரிவு (பட்டாலியன்) எவ்வாறு சிதறியது, தாய்நாட்டில் எவ்வாறு மீண்டும் ஒன்றுகூடியது என்பதைத் தொட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

அருள்மொழி, திருச்சி: ஒரு பட்டாலியனில் எத்தனை பேர்? அவர்களை ஒரே கப்பலில் ஏற்றியிருக்க முடியாதா?

அன்றைய பிரிட்டிஷ் பட்டாலியனில் சுமார் 780 பேர் இருந்தனர். நான்கு ரைபிள் கம்பெனிகளும், தகவல் தொடர்பு, மார்ட்டர், கேரியர் எனும் சிறு கவச வண்டிகள் ஆகியவற்றைக் கவனிக்கும் தலைமையகக் கம்பெனியும் சேர்ந்ததுதான் அந்த அமைப்பு. ஒரு நாசகாரிக் கப்பலில் நெருக்கியடித்து இத்தனை பேரை ஏற்றுவது முடியாத காரியமன்று. சில கப்பல்கள் அதைச் செய்தும் காட்டின. ஆனால் பட்டாலியன் முழுதாகக் கரைக்கு வந்து சேர்ந்தால்தானே அதை முழுதாக ஏற்ற முடியும்? பின்வாங்கும் படைக்குக் காவலாக ஒரு கம்பெனி கால்வாய்க் கரையில் நிற்கும், இன்னொன்று இரவில் வழி தவறியிருக்கும், காயம்பட்டவர்கள் முன்னதாகவே அனுப்பப்பட்டிருப்பார்கள். கடற்கரையிலோ, கழுத்தளவு நீரில் நின்ற வரிசையில் எந்தப் படகு முன்னால் வந்ததோ அதில் ஏறினார்கள். அடுத்தடுத்து நின்ற இருவர் வெவ்வேறு கப்பல்களில் ஏறி, ஒருவர் இங்கிலாந்தின் டோவரிலும் மற்றவர் ராம்ஸ்கேட்டிலும் இறங்குவது சாதாரணமாக நடந்தது.

பெயர் குறிப்பிடாத வாசகர்: சிறு படகுகளே பெரும்பாலானோரைக் காப்பாற்றின என்பது சரியா?

சரியன்று. கடற்கரையிலிருந்து மீட்கப்பட்டவர்கள் 98,780 பேர். துறைமுகத்திலிருந்து 2,39,446 பேர். படகுகளின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை; ஆழமில்லாத கரையிலிருந்து பெரிய கப்பலுக்கு ஆட்களைக் கொண்டு சேர்த்தவை அவைதாம். எனினும், வேலையின் பெரும்பகுதி துறைமுகத்தின் கிழக்கு அலைதடுப்புச் சுவரில் நடந்தது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள் நீண்ட அந்தச் சுவரின்மேல் குறுகலான மரப்பலகை நடைபாதை ஒன்று இருந்தது. அது அலையைத் தடுக்கக் கட்டப்பட்டதேயன்றிக் கப்பலை அணைத்துக் கட்டுவதற்காக அன்று. கரையில் பொறுப்பேற்றிருந்த கேப்டன் வில்லியம் டென்னன்ட், மே 27 இரவில் ஒரு கப்பலை அதன் அருகே வரவழைத்துச் சோதித்துப் பார்த்தார், அது பலித்தது. நீர் வற்றும்போது கப்பல் தளம் பல அடி கீழே இறங்கிவிடும்; அப்போது ஏணிகளையும் கையில் கிடைத்த பலகைகளையும் சாய்த்து, இருட்டில் ஒவ்வொருவராக இறங்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவே மே 31 அன்று ஒரே நாளில் 68,014 பேர் இங்கிலாந்து சேர்ந்தனர்.

செந்தில், சேலம்: ஆயுதங்கள் என்னவாயின?

கனரகத் தளவாடங்கள் ஏறத்தாழ முழுதும் போயின: 2,472 பீரங்கிகள், 60,000-க்கும் மேற்பட்ட வண்டிகள். கட்டுப்பாடு குலையாமல் வந்த பட்டாலியன்கள் தங்கள் ரைபிள்களையும் ப்ரென் எனும் இலகு இயந்திரத் துப்பாக்கிகளையும் தோளிலேயே சுமந்து வந்தன. என்னைக் கேட்டால், ஒரு பட்டாலியன் எந்த நிலையில் கரையேறியது என்பதை அறிய, வந்த ஆட்களின் எண்ணிக்கையைவிட அவர்கள் கையில் இருந்த ரைபிள்களின் எண்ணிக்கையே நல்ல அளவுகோல்.

தமிழ்ச்செல்வி, கோவை: இறங்கியபின் யார் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று எவ்வாறு பிரித்தார்கள்?

துறைமுகத்தில் பிரிக்கவே இல்லை. அங்கே நிறுத்திப் பெயர் கேட்டிருந்தால் அடுத்த கப்பலுக்கு இடம் இருந்திருக்காது. வந்தவர்களை வந்த வரிசையிலேயே ரயிலில் ஏற்றிவிட்டார்கள். மே 27 முதல் ஒன்பது நாட்களில் தென் இங்கிலாந்துத் துறைமுகங்களிலிருந்து 620 சிறப்பு ரயில்கள் புறப்பட்டன. எங்கே போகிறோம் என்பது பெரும்பாலும் ஏறியவர்களுக்குத் தெரியாது. ஹெட்கார்ன் போன்ற சிறு நிலையங்களில் ரயிலைச் சில நிமிடங்கள் நிறுத்தித் தேநீரும் ரொட்டியும் கொடுத்தார்கள். கோப்பைகள் போதாத இடங்களில் காலித் தகர டப்பாக்களில் தேநீர் ஊற்றினார்கள். வண்டி நகரும்முன் டப்பாக்களை நடைமேடையில் எறிந்துவிட வேண்டும். கழுவி அடுத்த ரயிலுக்கு வைத்துக்கொள்வார்கள்.

பிரிக்கும் வேலை அதன்பிறகே தொடங்கியது. பல பட்டாலியன்கள் சேர்ந்த ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒன்றுகூடும் பகுதி ஒன்று குறிக்கப்பட்டது. நாட்டின் பல மூலைகளிலுள்ள முகாம்களில் கிடந்தவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். பிறகு பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுத்தார்கள். பதில் வராத பெயருக்கு எதிரே 'இறந்தார்' என்று எழுத, கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். சாட்சி இல்லாவிட்டால் 'காணவில்லை' என்றுதான் எழுதலாம். ஒரு கம்பெனியே திரும்பாதபோது சாட்சிக்கு எங்கே போவது? வீட்டாருக்கோ அந்த ஒரு சொல்லோடு மாதக்கணக்கில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதே வாசகர்: அப்படி அழிந்துபோன பட்டாலியன் எது?

இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்துப் படையான ராயல் நார்ஃபோக் ரெஜிமென்டின் 2-ஆம் பட்டாலியனைச் சொல்லலாம். கடலுக்குச் செல்லும் வழி திறந்திருப்பதற்காக, லா பாசே கால்வாய்ப் பகுதியைத் தாங்கி நின்ற பிரிவுகளில் அதுவும் ஒன்று. மே 27 அன்று லெ பாராடி சிற்றூரில் குண்டுகள் தீர்ந்து சரணடைந்த 99 பேரை நாஜிகளின் எஸ்.எஸ். படையினர் களஞ்சியச் சுவரோரம் நிறுத்தி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டனர்; இருவரே உயிர்பிழைத்தனர். அவ்விருவரில் ஒருவரான ஆல்பர்ட் பூலி, 1943-இல் காயமுற்ற கைதியாகத் திருப்பி அனுப்பப்பட்டபோது நடந்ததைச் சொன்னார். அப்போது அவரை நம்பவில்லை. கொலைக்கு ஆணையிட்ட ஃப்ரிட்ஸ் க்னோக்லைன் 1949-இல்தான் தூக்கிலிடப்பட்டார்.

இக்பால், நாகூர்: இந்தியர்கள் அங்கே இருந்தார்களா?

இருந்தார்கள், ஆனால் காலாட்படையாக அல்ல. 1939 டிசம்பரில் பம்பாயிலிருந்து மார்செய்க்குச் சென்ற நான்கு கோவேறு கழுதைக் கம்பெனிகளில் பெரும்பாலோர் பஞ்சாப் முஸ்லிம்கள். அவற்றுள் ஒன்று சிறைப்பட்டது; டன்கிர்க்கில் கப்பலேறியவர்கள் தங்கள் விலங்குகளைக் கரையிலேயே விட்டுவர நேர்ந்தது.

கதிரவன், மதுரை: திரும்பிய படை எப்போது மீண்டும் போருக்குத் தயாரானது?

ஒரே சீராக இல்லை. ஓரளவு கட்டுக்கோப்புடன் வந்த தளபதி மான்ட்கோமரியின் 3-ஆம் டிவிஷனுக்கே முதலில் தளவாடங்களைக் கொடுத்து, மீண்டும் பிரான்சுக்கு அனுப்பத் திட்டமிட்டார்கள். ஜூன் நடுவில் பிரான்ஸ் வீழ்ந்ததால் அது தென்கடற்கரைக் காவலுக்குப் போயிற்று. ஜூலை 2 அன்று பார்வையிட வந்த பிரதமர் சர்ச்சிலிடம் மான்ட்கோமரி வைத்த முறையீடு சுவையானது: ஆயுதம் இருக்கிறது, ஏறிச்செல்ல வண்டி இல்லை, பிரைட்டன் கடற்கரைச் சாலையில் ஓடும் பேருந்துகளை எடுத்துத் தந்தால் என்ன? பேருந்துகள் வந்தன.

மற்றப் பட்டாலியன்களில் நிலைமை மெதுவாகவே தேறியது. பயிற்சி நிலையங்களிலிருந்து புதிதாக வந்த இளைஞர்களை, தப்பி வந்த சார்ஜென்ட்டுகளையும் கார்ப்பரல்களையும் சுற்றி அடுக்கினார்கள். கம்பெனியின் உட்பிரிவான ஒரு பிளட்டூனில் போரைக் கண்டவர் நான்கைந்து பேர் இருந்தாலே அதிர்ஷ்டம். ரெஜிமென்டின் பெயர், எண், தொப்பிச் சின்னம் ஆகியவற்றைக் கலைக்காமல் காத்ததன் பயன் இங்கே தெரிந்தது. புதியவன் ஒரு வெற்று எண்ணில் சேரவில்லை, தன் மாவட்டத்தின் படையில் சேர்ந்தான்.

தமிழ்ச்செல்வி, கோவை: அந்த நார்ஃபோக் பட்டாலியன் பிறகு என்னவாயிற்று?

யார்க்ஷயரில் எஞ்சியவர்களோடு புதியவர்களைச் சேர்த்து அதை மீண்டும் உருவாக்கினார்கள். 1942-இல் 2-ஆம் டிவிஷனோடு இந்தியாவுக்கு வந்தது. அதன் சார்ஜென்ட் மேஜர் ஜார்ஜ் கிரிஸ்டாக், 1940 மே 21 அன்று பெல்ஜியத்தின் எஸ்கோ ஆற்றங்கரையில் படுகாயமுற்று, தாய்நாடு சேர்ந்தும் பிழைக்காமல் ஜூன் 16 அன்று பிரைட்டனில் இறந்து, பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றிருந்தார். அதே பட்டாலியனின் கேப்டன் ஜான் ராண்டல், 1944 மே 6 அன்று ஒரு ஜப்பானியப் பதுங்குகுழியின் துளையைத் தம் உடலாலேயே அடைத்து இறந்து, அதே விருதைப் பெற்றார். அவர் விழுந்த இடம் நம் நாகாலாந்தின் கோஹிமா.