பழைய காரை விடுவதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: எங்கள் வீட்டுக் காருக்கு 26 வயது. அப்பா புதிதாக வாங்கியது. நாலு கதவு, சின்ன பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர் போய் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்த காலத்து வண்டி. அப்போது தெருவுக்கு நாலு நின்றன. இப்போது மாதத்துக்கு ஒன்று கண்ணில் பட்டாலே பெரிது. கிளட்ச், முன் சஸ்பென்ஷன், பின் பிரேக் என்று வேலை சேர்ந்துவிட்டது. ‘வண்டி விலையைவிட வேலைச் செலவு ஜாஸ்தி, பார்ட்ஸும் கிடைக்காது, தள்ளிவிடுங்கள்’ என்கிறார் மெக்கானிக். எனக்கு மனசு வரவில்லை. விற்பதா, உடைக்கக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா? வைத்துக்கொண்டால் எதை முதலில் பார்ப்பது?

பதில்: உங்கள் மெக்கானிக் போட்ட கணக்கு தப்பில்லை. ஆனால் இந்த மாதிரி வண்டிகளை ரோட்டிலிருந்து துடைத்ததே அந்தக் கணக்குதான். வருஷம் ஆக ஆக வண்டியின் விலை இறங்கிக்கொண்டே போகும். கிளட்ச் மாற்றும் கூலி இறங்காது. ஏதோ ஒரு நாள் ஒரே ஒரு ரிப்பேர் பில் வண்டியின் விலையைத் தாண்டும். அன்றைக்குப் பெரிய விபத்து எதுவும் நடந்திருக்காது, எஞ்சினும் நன்றாகத்தான் ஓடும். இருந்தும் வண்டி காயலான் கடைக்குப் போய்விடும். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக எடுக்கும் இந்த முடிவால்தான், தெருவுக்கு நாலு நின்ற மாடல் சத்தமில்லாமல் காணாமல் போகிறது.

அபூர்வமான வண்டிக்கு இந்தக் கதி வருவதில்லை. ஜாகுவார் ஈ-டைப் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1961-ல் வந்தது, மொத்தம் 72,000 சொச்சம்தான் செய்தார்கள். ஆசைப்பட்டு வாங்கியவர்களில் பலர் அதைப் போர்த்திப் பாதுகாத்தார்கள். 1971 முதல் 1980 வரை வந்த மோரிஸ் மரீனா பிரிட்டனில் லட்சக்கணக்கில் விற்ற குடும்ப வண்டி. இன்று அங்கே ரோட்டில் மிஞ்சியிருப்பது சில நூறுதான். ‘எங்கே பார்த்தாலும் இதுதானே நிற்கிறது’ என்கிற எண்ணம் இருக்கும்வரை யாரும் ஒன்றை எடுத்து வைக்க மாட்டார்கள்.

அரசுகளும் ஒரு தள்ளு தள்ளின. 2009-ல் அமெரிக்கா, ஜெர்மனி, பிரிட்டன் மூன்றும் பழைய காரை ஒப்படைத்துப் புதிது வாங்கினால் சலுகை கொடுத்தன. அமெரிக்கத் திட்டத்தில் மட்டும் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் போயின. அங்கே எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு, சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, எஞ்சின் இறுகி நிற்கும்வரை ஓட்டினார்கள். அந்த எஞ்சின் இன்னொரு வண்டிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்தது. காற்று சுத்தமாக வேண்டும் என்ற நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் நல்ல எஞ்சின் ஒன்றை வேண்டுமென்றே சாகடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். கிளட்சையும் சஸ்பென்ஷனையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அவை கழற்றி மாட்டுகிற சாமான்கள். வைப்பதா விடுவதா என்பதை முடிவு செய்ய வேண்டியது பாடிதான். உங்கள் வண்டியில் தனிச் சேஸிஸ் கிடையாது, தகரக் கூடே எலும்புக்கூடு. கதவுக்கு அடியில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளமாக ஒரு பெட்டி ஓடுகிறது பாருங்கள், சில் என்பார்கள். அது துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை. வண்டியைத் தாங்குகிற எலும்பே போகிறது.

ஒருமுறை ஒருவர் இதே வயதுள்ள ஒரு வண்டியை வாங்குவதற்கு முன்னால் என்னிடம் காட்டக் கொண்டுவந்தார். பெயின்ட் பளபளவென்று இருந்தது. எஞ்சின் தையல் மெஷின் போல ஓடியது. சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி சில் முழுக்க நகர்த்திக்கொண்டே போனேன். முன்பக்கம் நன்றாக ஒட்டியது. பின் கதவுக்குக் கீழே ஒரு ஜாண் தூரத்துக்கு ஒட்டவே இல்லை, நழுவி விழுந்தது. அங்கே தகரத்துக்கு மேல் கனமாகப் பட்டி பூசியிருந்தார்கள். அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாக அழுத்தினேன். நனைந்த அட்டைக்குள் போவது மாதிரி உள்ளே போனது. உள்ளிருந்து சிவப்பாகத் துருத்தூள் கொட்டியது. வண்டியை விற்கிறவருக்கே அது தெரியாது.

இந்தச் சோதனையை நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்துவிடலாம். காந்தத்தோடு சில் இரண்டையும், சக்கர வளைவுகளையும் பாருங்கள். கால்மிதியைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் தரைத்தகரம் ஈரமாக இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். பானட்டைத் திறந்து, முன் சஸ்பென்ஷனின் மேல்முனை பாடியில் போல்ட் போட்டு நிற்கிற இடத்தைச் சுற்றித் தகரம் உப்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியையும் பாருங்கள். அப்புறம் கதவைப் பாதி திறந்து, விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். கதவு மட்டும் ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, அது சின்ன வேலை. கீல் நிற்கிற தூணே சேர்ந்து அசைந்தால் விஷயம் பெரிது.

கதவின் அடிவிளிம்பிலும் சில்லின் அடியிலும் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். மண் அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் தேங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே தகரத்தைத் தின்னும். ஒரு கம்பியை எடுத்து ஒவ்வொரு ஓட்டையையும் குத்திவிடுங்கள். பழைய காருக்கு நான் சொல்லும் வேலைகளிலேயே மலிவானதும் பலன் அதிகமானதும் இதுதான்.

மேலோட்டமான துரு என்றால் சுரண்டி, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, சில்லுக்குள் மெழுகுத் திரவம் பீச்சினால் போதும். ஓட்டை விழுந்திருந்தால் கெட்ட தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலே பட்டி பூசி மறைக்கிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாடி தேறிவிட்டால் என் பதில் ஒன்றுதான்: வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செலவை ஆரம்பிக்கும் முன் இந்த வயது வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியுமா, புகைச் சோதனையில் தேறுமா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பணத்தைக் கொட்டிய பிறகு ஓட்ட அனுமதி இல்லை என்று தெரிந்து தலையில் கைவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலையைப் பிரேக்கில் ஆரம்பியுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. பல வருஷம் மாற்றாமல் விட்டால் உள்ளேயே துரு பிடிக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். டயரில் பட்டன் நிறைய இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2317 என்றிருந்தால் 2017-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பத்து வயது தாண்டிய டயரை நான் எந்த வண்டியிலும் விட்டுவைப்பதில்லை. டைமிங் பெல்ட் இருக்கிற எஞ்சின் என்றால், ஓடிய கிலோமீட்டரைப் பார்க்காமல் வருஷத்தை வைத்து மாற்றுங்கள். நின்றாலும் ரப்பருக்கு வயசாகும்.

பெட்ரோல் ஹோஸை எஞ்சின் ரூமில் மட்டுமல்ல, டேங்க் வரை முழுக்க மாற்றிவிடுங்கள். எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் அதில் ஊறி, மெத்தென்றாகி, கசிய ஆரம்பிக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். நெருப்பு சம்பந்தப்பட்ட விஷயம், இதில் சிக்கனம் வேண்டாம்.

உங்கள் வண்டியின் தலைமுறைக்கு மட்டும் ஒரு தனிக் கவலை உண்டு. 1960-களின் வண்டியை ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் ஓட வைத்துவிடலாம். உங்களுடையதில் இன்ஜெக்‌ஷனை நடத்தும் இ.சி.யூ. பெட்டி இருக்கிறது. அதற்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களில் திரவம் உண்டு. இருபது இருபத்தைந்து வருஷத்தில் அது கசிந்து, போர்டில் இருக்கும் தாமிரக் கோடுகளை அரித்துவிடும். பெட்டியைத் திறந்ததும் மீன் வாடை போல அடித்தால் கசிவு ஆரம்பித்தாயிற்று என்று அர்த்தம். வண்டி நன்றாக ஓடும்போதே போர்டு ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்து, அதே கெப்பாசிட்டி, அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூடுதல், 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டர்களாக மாற்றிவிடுங்கள். கோடு அறுந்த பிறகு போனால் வேலை பல மடங்கு. முடிந்தால் உடைக்கும் வண்டியிலிருந்து ஒரு உபரிப் பெட்டியும் வாங்கி வையுங்கள்.

இனி பார்ட்ஸ். ‘கிடைக்காது’ என்ற சொல்லைப் பாதி மட்டும் நம்புங்கள். கார் கம்பெனி எல்லாச் சாமானையும் தானே செய்வதில்லை. பேரிங், ஆயில் சீல், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர், கிளட்ச் பிளேட் எல்லாம் வேறு கம்பெனிகள் பல வண்டிகளுக்கும் சேர்த்துச் செய்தவை. பேரிங்கைத் துடைத்து எண்ணைப் படியுங்கள். 6204 என்றிருந்தால் உள் விட்டம் 20, வெளி விட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். காரின் பெயரையே சொல்லாமல் பேரிங் கடையில் வாங்கிவிடலாம். ஆயில் சீலிலும் உள் விட்டம், வெளி விட்டம், கனம் மூன்றும் அளந்தால் போதும்.

ஒரு வண்டி பின் வீல் சிலிண்டர் கிடைக்காமல் என் ஷெட்டில் மாதக்கணக்கில் நின்றது. மாடல் பெயரைச் சொல்லிக் கேட்ட இடமெல்லாம் கைவிரித்தார்கள். கடைசியில் பழைய சிலிண்டரைத் துடைத்து, வெர்னியர் வைத்து அளந்தேன். துளை 19.05 மில்லிமீட்டர், அதாவது சரியாக முக்கால் அங்குலம். போல்ட் இடைவெளியும் பைப் மரையும் குறித்துக்கொண்டு அளவைச் சொல்லித் தேடினால், ஒரு சின்ன வேனின் சிலிண்டர் அப்படியே பொருந்தியது. இதில் ஒரு எச்சரிக்கை: துளை அளவு மாறினால் முன் பின் பிரேக்கின் சமநிலை மாறிவிடும். ‘கிட்டத்தட்ட’ பொருந்துவதைப் போடாதீர்கள்.

உண்மையில் கிடைக்காதவை வேறு: கண்ணாடி, ஹெட்லைட், கதவு ரப்பர், டேஷ்போர்டு, கதவுக் கைப்பிடி, பிளாஸ்டிக் கிளிப்புகள். அந்த மாடலுக்கென்றே அச்சு வைத்துச் செய்தவை அவை. அந்த மாடல் தயாரிப்பு நின்றதும் சில காலத்தில் அச்சும் போய்விடும். கடையில் யாரும் கேட்காத பழைய ஸ்டாக் தூக்கிப் போடப்படுவதற்கு முன்னால் அவற்றைச் சேர்க்கத் தொடங்குங்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 2 கோடியே 15 லட்சம் வண்டிகள் செய்து, 2003-ல்தான் மெக்சிகோவில் நிறுத்தினார்கள், பார்ட்ஸ் செய்ய இன்னும் ஆள் இருக்கிறது. உங்கள் மாடலுக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை. அதனால் அதே வண்டி வைத்திருக்கும் நாலு பேரையாவது தேடிப் பிடித்துத் தொடர்பில் இருங்கள். ரோட்டில் ஒன்றைப் பார்த்தால் நிறுத்திப் பேசுங்கள். ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கும் ஹெட்லைட்தான் உங்கள் வண்டியைக் காப்பாற்றப்போகிறது.

வேலை முடிந்ததும் போர்த்தி வைத்துவிடாதீர்கள், ஓட்டுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம், ஆயில் நன்றாகச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷத்தில் அணைப்பது கெடுதல். எஞ்சினுக்குள் உருவாகும் ஈரம் ஆவியாகிப் போக அந்தச் சூடு போதாது. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடவும் கூடாது, ஈரம் உள்ளேயே நின்றுவிடும். காற்று புகும் துணி உறைதான் சரி.

ஒருவேளை ஞாயிற்றுக்கிழமை சோதனையில் ஸ்க்ரூ டிரைவர் சில்லுக்குள் போய்விட்டது, சஸ்பென்ஷன் நிற்கும் இடமும் அரித்திருக்கிறது என்றால் மனசைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடுங்கள். அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது. ஆனால் நேராக உடைக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். இதே மாடலை ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் முதலில் கேளுங்கள். உங்கள் வண்டியின் கண்ணாடிகளும் கதவுகளும் இ.சி.யூ.வும் அவருடையதை இன்னும் பத்து வருஷம் ஓட வைக்கும். யாரிடம் கொடுத்தாலும், பதிவை முறைப்படி ரத்து செய்து, அதற்கான சான்றைக் கையில் வாங்கிய பிறகே வண்டியை விடுங்கள்.