ஆடிக்கூழும் நாலு தாளும்

கேள்வி: இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பாட்டிமார் சொல்லும் யாழ்ப்பாணக் கதைகளைச் சிறுவர் புத்தகமாக்குகிறோம். பேச்சைப் பள்ளித் தமிழாக மாற்றவா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: மாற்றாதீர்கள், மாற்றினால் வெறும் கதைதான் மிஞ்சும். அம்மம்மா சொல்வதைப் போனில் பதிந்து, நாற்காலிக்குக் 'கதிரை', சோப்புக்குச் 'சவர்க்காரம்', பையனுக்குப் 'பெடியன்' எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். அடைப்புக்குறிக்குள் பொருள் போட்டால் பிள்ளை தடுக்கி நிற்கும். கதிரையை வரைந்துவிட்டால் போதும்.

முதல் புத்தகத்துக்கு, யாழ்ப்பாணத்தில் ஆடிப் பிறப்பன்று காய்ச்சும் இனிப்பான ஆடிக்கூழ் தோதான கதைப்பொருள். அதில் சேர்பவை: அரிசிமா, பயறு, தேங்காய்ச் சொட்டு என்கிற சிறு தேங்காய்த் துண்டு, தேங்காய்ப்பால், பனங்கட்டி. நம்மூர்க் கருப்பட்டிதான் அந்தப் பனங்கட்டி என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்!

ஏ4 தாள் 4 எடுத்து நடுவில் மடித்தால் 16 பக்கம். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடாவிட்டால் வெற்றுப் பக்கம் விழும். வெளி ஓரத்தில் 1 செ.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் துருத்தும் உள்தாளை வெட்டும்போது எழுத்தும் சேர்ந்து போய்விடும்.