பழைய கேம், பழைய கேமரா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செகண்ட்ஹேண்டில் வாங்கிய கேம்பாய் ‘போகிமான் கோல்டு’ கேசட் நன்றாக ஓடுகிறது. ஆனால் சேவ் செய்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால், புதிதாகத் தொடங்கச் சொல்கிறது. கேசட்டே போய்விட்டதா?

பதில்: கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. இந்த கேமின் சேவ் பதிவாகும் சிப், மின்சாரம் இருக்கும்வரைதான் எதையும் நினைவில் வைத்திருக்கும். கோல்டு, சில்வர் இரண்டிலும் கேமுக்குள் ஓடும் கடிகாரத்துக்கும் அதே பேட்டரிதான். அதனால் கடிகாரம் இல்லாத கேசட்டுகளைவிட இவற்றில் பேட்டரி சீக்கிரம் தீரும்.

கேசட்டைத் திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் என்ற தனி வகை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். உள்ளே இருப்பது சிஆர்2025, 3 வோல்ட். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், 2.5 வோல்ட்டுக்கும் கீழே காட்டினால் சந்தேகமே வேண்டாம். பேட்டரியின் இருபுறமும் உள்ள தகடுகள் போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். பலர் கத்தியால் நெம்பி எடுக்கப் பார்க்கிறார்கள். தகட்டோடு போர்டின் செம்புத் தடமும் உரிந்து வந்துவிடும். சால்டரிங் அயர்னால் ஈயத்தை உருக்கி, ஒவ்வொரு காலாக எடுங்கள்.

மாற்றுவதற்குத் தகடு பொருத்தியே விற்கும் பேட்டரியை வாங்குங்கள். வெறும் பேட்டரியின் மேலேயே சால்டர் வைக்காதீர்கள், லித்தியம் செல் சூடேறினால் வெடிக்கலாம். பழைய தகட்டுக்கு நடுவே புதுப் பேட்டரியைச் செருகி இன்சுலேஷன் டேப் சுற்றும் வழியும் நடைமுறையில் உண்டு. ஆனால் டேப்பின் பசை இளகி, கேசட்டைக் கொஞ்சம் தட்டினாலும் தொடர்பு ஒரு கணம் விட்டுப்போகும். சேவ் அழிய அந்த ஒரு கணம் போதும். கழற்றும் முன் பிளஸ் பக்கம் எது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறு கேசட்டில் சேவ் இன்னும் உயிரோடு இருந்தால், பேட்டரியில் கை வைக்கும் முன் கேசட் ரீடர் வழியே அதைக் கணினியில் நகலெடுத்துவிடுங்கள். பின்னால் வந்த போகிமான் ‘ரூபி’, ‘சஃபயர்’ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். அது தீர்ந்தால் கேமுக்குள் நேரம் நின்றுவிடும், சேவ் அப்படியே இருக்கும்.

கேள்வி: கீறல் விழுந்த டிஸ்க்கை பாலிஷ் போட்டால் ஓடுமா?

பதில்: எந்த டிஸ்க் என்பதைப் பொறுத்தது. சிடியில் தகவல் லேபிளுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது, டிவிடியில் நடுவில். எனவே அடிப்பக்கக் கீறலைத் தேய்த்து எடுக்க இடமுண்டு. பிளேஸ்டேஷன் 3 முதல் வந்த புளூ-ரேயில் தகவல் மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான் உள்ளது, பாலிஷ் மெஷினில் கொடுத்தால் டிஸ்க் போச்சு. சிடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். லேபிள் பக்கத்தில் ஊசித்துளைபோல வெளிச்சம் தெரிந்தால், அங்கிருந்த தகவல் உரிந்துபோயிருக்கிறது. அதற்கு வைத்தியம் இல்லை.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கப் போகிறேன். பூஞ்சை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை, முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சற்றுச் சாய்வாக அடித்து, முன்பக்கம் பாருங்கள். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். பத்துப் பதினைந்து இருந்தாலும் படத்தில் வராது, விட்டுவிடுங்கள். சிலந்தி வலைபோலக் கிளை பிரிந்து ஓடினால் அது பூஞ்சை. கண்ணாடி முழுக்கப் பால்போல மங்கலாக இருந்தால் ஆவி படிந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்களை வெளுக்க வைப்பது பெரும்பாலும் இதுதான். பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால், சுத்தம் செய்த பிறகும் தடம் போகாது.

அப்பர்ச்சர் இதழ்களையும் பாருங்கள். லீவரைத் தள்ளிவிட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தால் இதழில் எண்ணெய் ஏறியிருக்கிறது. வெயிலில் எடுக்கும் படங்கள் வெளிறிப்போகும்.

பூஞ்சை லென்ஸ் பக்கத்து லென்ஸுக்கும் தொற்றும் என்ற பயம் கொஞ்சம் மிகை. வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, அவற்றை முளைக்க வைப்பது ஈரப்பதம். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பதமானியும் போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள்.

கேள்வி: பழைய குழாய் டிவியில் கேம் ஓடும்போது போட்டோ எடுத்தால் குறுக்கே கறுப்புப் பட்டை விழுகிறது. ஏன்?

பதில்: அந்த டிவி முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் காட்டுவதில்லை. ஒரு கதிர் மேலிருந்து கீழாக வரி வரியாக வரைகிறது, நொடிக்கு 60 அல்லது 50 முறை. 1/250 நொடியில் எடுத்தால் அப்போது வரைந்த துண்டு மட்டும்தான் பதிவாகும். 60 ஹெர்ட்ஸ் கேமுக்கு ஷட்டரை 1/30, 50 ஹெர்ட்ஸுக்கு 1/25 வையுங்கள். சரியாக இரண்டு சுற்று உள்ளே வரும். அப்படியும் மெல்லிய பட்டை தெரிந்தால் 1/8 வரை இறக்கலாம். கேமை பாஸில் நிறுத்தி, டிரைபாடில் வைத்து, 2 நொடி டைமரில் எடுங்கள். அறை விளக்கும் ஃபிளாஷும் வேண்டாம், ஐஎஸ்ஓ 100 அல்லது 200 போதும். திரையின் புள்ளிகளும் சென்சாரின் புள்ளிகளும் மோதி வானவில் நெளிவு வந்தால், கேமராவை ஒரு சாண் முன்னேயோ பின்னேயோ நகர்த்திப் பாருங்கள்.