போர்க்குற்றத்தைப் பாட்காஸ்ட் போட்டு நடத்தலாமா?

அன்புள்ள சார்,

பதினாறு பதினேழு வயசுப் பசங்களுக்கு வரலாறு எடுக்கிறேன். போர்க்குற்றங்கள்னு வந்தா பாடத்துல நாலு வரி, ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். பசங்க சாதாரணமா கடந்து போயிடுறாங்க. வீடியோ காட்ட பயமா இருக்கு. பாட்காஸ்ட் போட்டு நடத்தலாமான்னு யோசிக்கிறேன், ஆனா கூட வேலை பாக்குறவங்க "கொலையைப் பொழுதுபோக்கா ஆக்காதீங்க"ன்னு சொல்றாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க? இதுக்கெல்லாம் மார்க் எப்படிப் போடுறதுன்னும் புரியல.

எம்.

அன்புள்ள எம்,

தாராளமா போடுங்க. உங்க கூட இருக்குறவங்க சொல்றதும் சும்மா இல்ல, க்ரைம் பாட்காஸ்ட்ல பாதி அப்படித்தான் இருக்கு, திகில் மியூசிக், எபிசோட் முடியுற எடத்துல ஒரு சஸ்பென்ஸ், கடைசில கொன்னவன் பேரு ஞாபகம் இருக்கும் செத்தவங்க பேரு ஒண்ணு கூட இருக்காது. அந்த ரகத்தைத் தொடவே தொடாதீங்க.

எனக்குத் தெரிஞ்சு வகுப்புக்குத் தோதானது 'இன் த டார்க்' மூணாவது சீசன், 2024ல வந்தது, நியூயார்க்கர் பத்திரிகையோடது, அடுத்த வருஷம் அமெரிக்காவுல பத்திரிகை வேலைக்குக் குடுக்குற புலிட்சர் பரிசும் வாங்குச்சு. ஈராக்ல ஹதீதாங்குற ஊர், 2005 நவம்பர் 19. ரோட்டோரம் வச்ச குண்டு வெடிச்சு ஒரு அமெரிக்க மரைன் படை வீரர் செத்துப் போறாரு, அதுக்கப்புறம் அவரோட இருந்தவங்க அந்தப் பக்கம் கார்ல வந்தவங்களையும் சுத்தி இருந்த வீடுகள்ல இருந்தவங்களையும் சுட்டுக் கொல்றாங்க. மொத்தம் 24 பேர், அதுல சின்னது 3 வயசுக் குழந்தை, மூத்தவருக்கு 76.

ஆனா நீங்க ஆடியோல ஆரம்பிக்காதீங்க. மறுநாள் மரைன் தரப்புல ஒரு செய்திக் குறிப்பு விட்டாங்க, ரோட்டோரக் குண்டு வெடிச்சு ஒரு மரைனும் 15 பொதுமக்களும் பலி, அப்புறம் நடந்த சண்டைல 8 கிளர்ச்சியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டாங்கன்னு. அதைத்தான் முதல்ல பசங்க கைல குடுக்கணும். படிச்சா ஒண்ணும் உறுத்தாது, எந்தப் பேப்பர்லயும் தினமும் வர்ற மாதிரி ரெண்டு வரிதான். அப்புறம் அந்த வீடுகள்ல உயிர் தப்புனவங்க பேசுறதைப் போடுங்க, போட்டுட்டு திரும்ப அதே குறிப்பைப் படிக்கச் சொல்லுங்க. அந்த 15 பேர் குண்டுல சாகல, துப்பாக்கில செத்தாங்கன்னு வெளில வர்றதுக்கு டைம் பத்திரிகை 2006 மார்ச்ல எழுத வேண்டி இருந்துச்சு. நாலு பேர் மேல கொலை வழக்கு போட்டாங்க, ஒவ்வொண்ணா கழண்டுகிட்டே வந்து கடைசி ஆள் 2012ல 'கடமைல கவனக்குறைவு'ன்னு ஒத்துக்கிட்டு பதவி இறக்கத்தோட போயிட்டாரு, ஒருத்தரும் ஜெயிலுக்குப் போகல. பசங்க "ஏன்?"னு கேப்பாங்க, உங்க நிஜமான பாடமே அங்கதான் தொடங்குது, ஏன்னா போர்ல பொதுமக்களைக் கொல்லக் கூடாதுங்குற ஜெனீவா ஒப்பந்தம் 1949லயே வந்தாச்சு, சட்டம் இல்லாம இது நடக்கல. ராணுவம் எடுத்த போட்டோக்களை வாங்க அந்தப் பாட்காஸ்ட்காரங்க கேஸ் போட்டாங்க, சொந்தக்காரங்களைப் பறிகொடுத்த ரெண்டு ஈராக்கியர்கள் மத்த குடும்பங்கள்ல போய் அந்தப் போட்டோக்களைக் குடுக்கச் சொல்லி கையெழுத்து வாங்கிக் குடுத்தாங்க. இந்தப் பகுதியைக் கண்டிப்பா போடுங்க. அழவைக்கிற எபிசோடை விட இது முக்கியம்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு. குரல் நல்லதும் செய்யும் கெட்டதும் செய்யும். 1994ல ஆப்பிரிக்காவுல ருவாண்டால துட்சி இனத்து மக்களைக் கொன்னு குவிச்சாங்க, அப்போ அங்க ஆர்டிஎல்எம்னு ஒரு ரேடியோ, அரசு ரேடியோ மாதிரி வெறைப்பா இல்லாம ஜோக், பாட்டு, டீ குடிச்சுட்டே பேசுற மாதிரி அரட்டை, இளவட்டம் எல்லாம் விழுந்து விழுந்து கேட்டாங்க, அதே குரல்கள்தான் ஆளுங்க பேரையும் அவங்க இருக்குற எடத்தையும் சொல்லிக் கொலைக்கு ஆள் அனுப்புச்சு. அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் ஃபெர்டினாண்ட் நஹிமானா, வரலாற்றுப் பேராசிரியர் (உங்க துறைதான், மன்னிக்கணும்), 2003ல ஐநா தீர்ப்பாயம் தண்டனை குடுத்துச்சு, அந்த ஒலிபரப்பு டேப்புகளே கோர்ட்டுல சாட்சி. அதனால காதுக்குள்ள ஒருத்தர் நெருக்கமா பேசுனா நம்பிடுறது நம்ம சுபாவம்னு பசங்களுக்கு முன்னாடியே சொல்லி வைங்க, நாம நல்லதுன்னு நினைச்சுப் போடுற பாட்காஸ்டுக்கும் அது பொருந்தும்.

மியூசிக்கே இல்லாம எதாவது வேணும்னா டேவிட் போடர் பதிவுகளைத் தேடுங்க. 1946ல ஒரு மனோதத்துவப் பேராசிரியர் கம்பில பதிவு பண்ற ரெக்கார்டரைத் தூக்கிட்டு ஐரோப்பாவுக்குப் போய் நாஜி முகாம்ல இருந்து தப்புனவங்களைப் பேச வச்சாரு. அந்த முகாம்களைப் பத்தி அப்போ வெளில முழுசா தெரியாது, அவரே நடுநடுவுல புரியாம திரும்பத் திரும்பக் கேப்பாரு. நெட்ல மொழிபெயர்ப்போட கிடைக்குது.

நடத்துற முறையப் பத்தி ஒண்ணே ஒண்ணு, ஹோம்வொர்க்கா குடுக்காதீங்க. ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிட்டு தனியா ஒரு பையன் இதைக் கேக்குறது எனக்குச் சரியா படல, அவங்க வீட்டுல என்ன நடந்திருக்குன்னு நமக்குத் தெரியாது, போரைப் பாத்துட்டு வந்த குடும்பமா கூட இருக்கலாம். வகுப்புலயே, பத்து நிமிஷம், எழுத்து வடிவம் கைல இருக்கணும், என்ன வரப்போகுதுன்னு முன்னாடியே சொல்லிடணும், எழுந்து போகணும்னா காரணம் கேக்காம விட்டுடணும்.

மார்க் விஷயம். "செத்தவங்கள்ல ஒருத்தரா நெனச்சு கடிதம் எழுது"ன்னு மட்டும் குடுத்துடாதீங்க, நல்லா நடிக்கத் தெரிஞ்சவனுக்கு பத்துக்கு பத்து கிடைக்கும், உண்மையிலயே பாதிச்சவன் வெள்ளைப் பேப்பர் குடுப்பான். எபிசோட்ல வந்த ஒரே ஒரு தகவலை எடுக்கச் சொல்லுங்க, அது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, நேர்ல பாத்தவர் சொன்னதா, ஆவணமா, போட்டோவா, இல்ல பேசுறவரோட ஊகமா, இன்னும் யாரைக் கேட்டிருக்கணும், இதை எழுதட்டும். ஒரு பக்கத்துக்கு மேல வாங்காதீங்க, திருத்தப்போறது நீங்கதான்.