டி.கே.எம். 13 தேர்ந்தெடுத்தால் டேபிளில் 36 விழுகிறதே, ஏன்?

மன்னார்குடிப் பக்கம் விதைக்கடை வைத்திருக்கும் ஒரு வாசகரின் கேள்வி இது: "மைக்ரோசாப்ட் அக்சஸில் நானே ஒரு பில் ஃபார்ம் போட்டேன். ரகம் என்ற இடத்தில் காம்போ பாக்ஸ் வைத்திருக்கிறேன். டி.கே.எம். 13 என்ற நெல் ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் ஃபார்மில் சரியாகத் தெரிகிறது, டேபிளைத் திறந்தால் 36 என்று இருக்கிறது. எங்கள் கடையில் ஆடுதுறை 36 என்ற ரகம் விற்பதே இல்லை. போதாக்குறைக்கு பழைய பில் சிலவற்றில் ரகம் தானாக மாறிக் கிடக்கிறது. ஃபைல் கெட்டுப்போய்விட்டதா?"

ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் சொன்ன முதல் விஷயம் கோளாறே கிடையாது. இரண்டாவது நிஜமான கோளாறு, அதை இன்றைக்கே சரிசெய்துவிடுங்கள்.

முதலில் அந்த 36. அது ஆடுதுறை 36 அல்ல, உங்கள் ரகப் பட்டியல் டேபிளில் டி.கே.எம். 13 இருக்கும் வரிக்கு அக்சஸ் போட்ட அடையாள எண். கடையில் பதினைந்து இருபது ரகம்தான் இருக்கும், எண் எப்படி 36 வரை போனது என்று கேட்பீர்கள். ஆட்டோநம்பர் அப்படித்தான்: ஒரு வரியை அழித்தாலும், புது வரி அடிக்க ஆரம்பித்து பாதியில் எஸ்கேப் தட்டினாலும், போன எண் போனதுதான், பொதுவாகத் திரும்ப வராது. நெல் ரகத்தின் பெயரிலேயே எண் ஒட்டிக்கொண்டிருப்பதால் நம் ஊர்க் கடைகளில் இந்தக் குழப்பம் கூடுதல். (ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது, அங்கே வெளியிட்ட ரகங்களுக்குப் பொதுவாக ஊர்ப் பெயரும் ஒரு எண்ணும். டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம்.) உங்கள் ரகங்கள் பொன்னி, கவுனி, பூங்கார் என்று மட்டும் இருந்திருந்தால் 36-ஐப் பார்த்து பயந்திருக்க மாட்டீர்கள்.

காம்போ பாக்ஸ், அதாவது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பெட்டி, ஒன்றைக் காட்டும், வேறொன்றை எழுதி வைக்கும். எதை எங்கே செய்கிறது என்பதை ப்ராபர்ட்டி ஷீட்டில் நாலு இடத்தில் பார்க்கலாம். ரோ சோர்ஸ் என்பது பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பது, உங்களுக்கு அது ரகம் டேபிள். பவுண்ட் காலம் என்பது அந்தப் பட்டியலின் எத்தனையாவது காலத்தை (column, மேலிருந்து கீழ் போகும் வரிசை) எடுத்து எழுத வேண்டும் என்பது. அங்கே 1 என்று இருக்கும், முதல் காலம் அடையாள எண், அதனால் 36. காலம் விட்த்ஸில் முதல் காலத்துக்கு 0 என்று இருக்கும், அதனால் எண் கண்ணில் படாமல் அடுத்த காலமான பெயர் தெரிகிறது. எழுதும் இடம் எது என்பது கண்ட்ரோல் சோர்ஸ். கடைசியாகச் சொன்ன இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இரண்டாவது பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

அக்சஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் பேஸ் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கே லிஸ்ட் பாக்ஸ் முதல் காலத்தைத்தான் காட்டும், எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்கும். அதனால் பெயரை முதலிலும் எண்ணை அடுத்ததிலும் வைத்து, பவுண்ட் ஃபீல்டு 1 என்று கொடுக்க வேண்டும்.

"பேசாமல் பெயரையே எழுதி வைத்துவிட்டால் என்ன?" என்று தோன்றும். பவுண்ட் காலத்தை 2 ஆக்கி, டேபிளில் அந்த ஃபீல்டை டெக்ஸ்ட் ஆக்கினால் வேலை முடிந்துவிடும்தான். செய்யாதீர்கள். கும்பகோணத்தில் ஒரு கடையில் அப்படி வைத்திருந்தார்கள். ஒரு பையன் "ஆடுதுறை 45" என்று அடித்திருந்தான், அடுத்து வந்தவன் "ஏடிடி 45", முதலாளி "ஏ.டி.டி.45" என்று இடைவெளி இல்லாமல். குறுவை முடிந்து ரிப்போர்ட் எடுத்தால் ஒரே விதை மூன்று ரகமாகப் பிரிந்து நிற்கிறது, எது எவ்வளவு போனது என்று கூட்டிப் பார்க்கவே ஒரு நாள் ஆனது. எண்ணை வைத்திருந்தால் ரகம் டேபிளில் ஒரே இடத்தில் எழுத்தைத் திருத்தினால் போதும், எல்லா பில்லும் திருந்திவிடும். சி.ஆர். 1009-ஐ அதன் இன்னொரு பெயரான பொன்மணி என்று மாற்றிக் காட்ட ஆசைப்பட்டாலும் அதே ஒரு வரிதான்.

ரிப்போர்ட்டிலும் எக்செலுக்கு அனுப்பும்போதும் பெயர் வேண்டுமே என்றால், விற்பனை டேபிளையும் ரகம் டேபிளையும் அந்த எண்ணால் இணைத்து ஒரு குவரி (டேபிள்களிலிருந்து வேண்டியதை மட்டும் கேட்டு எடுப்பது) போட்டு, அதிலிருந்து எடுங்கள். டேபிளிலேயே லுக்கப் விசார்டு வைத்துப் பெயரைக் காட்டும் வித்தை ஒன்று உண்டு, எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. டேபிளில் பெயர் தெரிகிறதே என்று நம்பி குவரியில் "டி.கே.எம். 13" என்று நிபந்தனை கொடுப்பீர்கள், உள்ளே இருப்பது எண் என்பதால் டேட்டா டைப் பொருந்தவில்லை என்று அக்சஸ் முறைக்கும். காம்போ பாக்ஸ் ஃபார்மில் இருக்கட்டும், டேபிளில் எண் எண்ணாகவே தெரியட்டும்.

விலை மட்டும் இதற்கு விதிவிலக்கு. ரகத்தின் பெயரைப்போல விலையையும் ரகம் டேபிளிலிருந்து அவ்வப்போது எடுத்துக் காட்டினால், அடுத்த பட்டத்தில் விலையை ஏற்றியதும் போன பட்டத்து பில்களும் புது விலையில் நிற்கும். விற்ற அன்றைய விலை பில் வரியிலேயே எழுதப்பட வேண்டும். காம்போ பாக்ஸில் விலையை மூன்றாவது காலமாகச் சேர்த்து, காலம் கவுண்ட்டை 3 ஆக்கி, ஆஃப்டர் அப்டேட்டில் (ரகத்தைத் தேர்ந்தெடுத்ததும் ஓடும் கோடு எழுதும் இடம்) அந்தக் காலத்தை விலை ஃபீல்டுக்கு எடுத்துக் கொடுங்கள். இங்கே ஒரு குறும்பு இருக்கிறது: பவுண்ட் காலம் 1-லிருந்து எண்ணும், கோடில் எழுதும்போது 0-விலிருந்து எண்ணும், ஆக மூன்றாவது காலம் கோடில் 2. நானே இதில் எத்தனையோ தடவை வழுக்கியிருக்கிறேன்.

சரி, தானாக மாறும் பழைய பில்லுக்கு வருவோம். நான் உங்கள் ஃபைலைப் பார்க்கவில்லை, ஆனாலும் ஃபார்மின் தலைப்பகுதியில் "ரகம் தேடு" என்று இன்னொரு காம்போ பாக்ஸ் வைத்திருப்பீர்கள் என்று அடித்துச் சொல்வேன், கீழே இருந்ததை காப்பி செய்து மேலே ஒட்டியிருப்பீர்கள். ஒட்டும்போது கண்ட்ரோல் சோர்ஸும் சேர்ந்து வந்துவிடும். திரையில் சி.ஆர். 1009 விற்ற ஒரு பில் திறந்திருக்கிறது, நீங்கள் ஆடுதுறை 43 பில்லைத் தேட மேலே ஆடுதுறை 43 என்று தேர்ந்தெடுக்கிறீர்கள், அந்த நொடியே திறந்திருக்கும் பில்லின் ரகம் ஆடுதுறை 43 ஆகிவிடுகிறது. பிறகு வேறு பில்லுக்குப் போனதும் அக்சஸ் கேட்காமலே சேமித்துவிடும், சேவ் பட்டனை அமுக்கவே வேண்டியதில்லை. நூற்றைம்பத்தைந்து நாள் ரகம் வாங்கிப்போன விவசாயியின் கணக்கில் நூற்றுப் பத்து நாள் ரகம் ஏறிவிட்டது.

மருந்து சின்னதுதான். மேலே உள்ள பாக்ஸின் கண்ட்ரோல் சோர்ஸை அழித்து வெறுமையாக விடுங்கள். பட்டியல் அப்படியே வரும், தேர்ந்தெடுத்தது எங்கேயும் எழுதப்படாது, தேட மட்டும் உதவும்.

அப்புறம், இருப்பில் இல்லாத ரகத்தை ரகம் டேபிளிலிருந்து அழிக்காதீர்கள், அதன் எண்ணைப் பிடித்துக்கொண்டு பழைய பில்கள் இருக்கின்றன. ரிலேஷன்ஷிப்ஸில் இரண்டு டேபிளையும் இணைத்து ரெஃபரன்ஷியல் இன்டெகிரிட்டியை டிக் செய்தால் அழிக்கவே விடாது. "விற்பனையில் உண்டா" என்று ஒரு ஃபீல்டு சேர்த்து, இல்லாதவற்றைப் பட்டியலின் அடியில் தள்ளுங்கள். முழுக்க வடிகட்டி எடுத்துவிட்டால் பழைய பில்லைத் திறக்கும்போது ரகம் காலியாகத் தெரியும். உள்ளே எண் பத்திரமாகத்தான் இருக்கும், காட்டுவதற்குப் பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். அது தெரியாமல் யாராவது ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்து நிரப்பி வைத்தால் மறுபடியும் தலைவலி.

ஏற்கனவே மாறிப்போன பில்களை அக்சஸ் தானாகச் சொல்லாது, பழைய மதிப்பை அது எங்கேயும் வைத்திருப்பதில்லை. ஆனால் விதைக்கடை என்பதால் உங்களிடம் லாட் எண் இருக்குமே. கொள்முதல் டேபிளில் ஒவ்வொரு லாட்டும் எந்த ரகம் என்று இருக்கும், விற்பனை வரியிலும் லாட் எண் எழுதியிருப்பீர்கள். முதலில் ஃபைலை ஒரு பென்டிரைவில் காப்பி எடுங்கள். பிறகு இரண்டு டேபிளையும் லாட் எண்ணால் இணைத்து, இரண்டிலும் ரக எண் வேறுபடும் வரிகளை மட்டும் குவரியில் கேளுங்கள். வந்து விழுபவைதான் மாறிப்போனவை. ஒவ்வொன்றையும் பில் புத்தகத்தின் கார்பன் நகலோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.